டேட்டாபேஸ் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலையா? என்ன காட்டுதோ அதை வெச்சு கண்டுபிடிக்கிற வழி

ஆயுத பூஜை முடிஞ்சு ஒர்க்‌ஷாப் தொறக்குற அன்னிக்குக் காலைல என் போன் அடிச்சிட்டே இருக்கும். பெங்களூர்ல பீன்யா பக்கம் சின்னச் சின்ன மிஷினிங் யூனிட் நாலஞ்சுக்கு நான் சர்வர் பாத்துக்கிறேன், எல்லா இடத்துலயும் ஒரே ஒரு லினக்ஸ் பொட்டி, அதுல போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ், அதுக்கு மேல ஸ்டாக்கும் பில்லும் பாக்குற ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான். வருஷம் பூரா நிக்காம ஓடுற பொட்டி, பூஜைக்கு மட்டும் லேத்து மிஷினோட சேத்து அதையும் ஆஃப் பண்ணி தூசி தட்டி சந்தனம் குங்குமம் வெச்சு மூணு நாள் விட்டுருவாங்க, மறுபடி ஆன் பண்றப்ப சர்வர் வந்துரும், டேட்டாபேஸ் வராது.

போன வருஷம் அப்படித்தான் அங்க இருக்குற தம்பி கூப்பிட்டான். "அண்ணா, போஸ்ட்கிரஸ் ஸ்டார்ட் ஆகல, இனிட்டிபி ரன் பண்ணச் சொல்லி மெசேஜ் வருது, பண்ணிடட்டுமா?"ன்னு கேட்டான். இனிட்டிபிங்கறது புதுசா ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்குற கமாண்ட். நான் அப்ப யஷ்வந்த்பூர்ல மெட்ரோக்கு நின்னுட்டிருந்தேன், "எதையும் தொடாதப்பா, கைய எடு, நான் வரேன்"ன்னு சொன்னது பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அந்தக் கதைய கீழ சொல்றேன், ஏன்னா இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப ஆபத்தான இடம் அதுதான். பத்துல ஒன்பது தடவ டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, ஸ்டார்ட் பண்ற வழில எங்கயோ ஒரு தடங்கல், அதை சரி பண்றேன்னு டேட்டா டைரக்டரிக்குள்ள கைய வெச்சாதான் நிஜமான நஷ்டம் வருது.

நான் போஸ்ட்கிரஸ வெச்சுதான் சொல்றேன், ஆனா பாதி விஷயம் மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் எல்லாத்துக்கும் பொருந்தும்.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல இது

ஸ்டார்ட் ஆகுறதுல மூணு பேர் சம்பந்தப்பட்டிருக்காங்க: சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ எல்லாம் ஸ்டார்ட், ஸ்டாப் பண்றது), நடுவுல உங்க ஸ்கிரிப்ட், கடைசில போஸ்ட்கிரஸ். எந்த எடத்துல நின்னுச்சுன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பாருங்க, அதுல வர்ற எக்ஸிட் நம்பர எழுதி வெச்சுக்கோங்க. அது கடைசி பத்து லைன்தான் காட்டும், பத்தாது, அதனால ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ போட்டு சர்வீஸ் பேரு, கூட மைனஸ் பி (b) போட்டா இந்த பூட்ல நடந்தது மட்டும் முழுசா வரும்.

இங்க நெறைய பேர் ஏமாந்து போற ஒரு இடம் இருக்கு. ஜர்னல்ல "லாக் அவுட்புட்ட லாகிங் கலெக்டருக்கு திருப்பி விடறேன்"னு ஒரு லைன் வந்து அதோட நின்னுரும், எர்ரரே இல்லையேன்னு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணுவாங்க. போஸ்ட்கிரஸ் அதுக்கப்புறம் தன்னோட சொந்த லாக்ல எழுதுது, டேட்டா டைரக்டரிக்குள்ள லாக்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பழைய 9 சீரிஸா இருந்தா பிஜி_லாக்னு இருக்கும், உண்மையான காரணம் அங்க உக்காந்திருக்கும்.

இன்னொண்ணு, சிஸ்டம்சிடிஎல் கேட்னு ஒண்ணு இருக்கு, அத கட்டாயம் போட்டுப் பாருங்க. நீங்க எடிட் பண்ணிட்டிருக்குற யூனிட் ஃபைல்தான் (சர்வீஸ எப்படி ஸ்டார்ட் பண்ணணும்னு சிஸ்டம்டிக்கு எழுதி வெச்ச ஃபைல்) நிஜமாவே ஓடுதான்னு அதுதான் சொல்லும், மேல ஓவர்ரைட் ஃபைல் யாராச்சும் போட்டிருந்தா அதுவும் தெரியும். ஒரு தடவ ரெண்டு மணி நேரம் இனிட்.டி ஃபோல்டர்ல இருந்த ஸ்கிரிப்ட திருத்திட்டே இருந்தேன், சிஸ்டம்டி அதத் தொடவே இல்ல, அதே பேர்ல வேற யூனிட் ஃபைல் இருந்துச்சு.

யூனிட் ஃபைல மாத்துனா டீமன்-ரீலோட் போடணும். ஓவர்ரைட்ல எக்ஸெக்ஸ்டார்ட்ட (எந்த கமாண்ட ஓட்டணும்னு சொல்ற லைன்) மாத்துறீங்கன்னா, மொதல்ல காலியா ஒரு எக்ஸெக்ஸ்டார்ட் ஈக்வல் லைன் போட்டு பழசத் துடைச்சிட்டு அப்புறம்தான் புதுசு எழுதணும், இல்லன்னா ரெண்டு எக்ஸெக்ஸ்டார்ட் இருக்குன்னு சொல்லி ஓட மறுத்துரும்.

ஸ்டேட்டஸ்ல 203 எக்ஸெக்னு வருது

இது போஸ்ட்கிரஸ் பிரச்சனையே இல்ல, ஸ்கிரிப்ட்ட சிஸ்டம்டியால ஓட்டவே முடியலன்னு அர்த்தம். எக்ஸிகியூட் பெர்மிஷன் இருக்கா, மொத லைன்ல பின் பாஷ் ஒழுங்கா இருக்கா, எக்ஸெக்ஸ்டார்ட்ல பாத் சரியா இருக்கா, இந்த மூணும் பாருங்க.

மூணும் சரியா இருந்தும் 203 வருதுன்னா அது விண்டோஸ் வேலை. ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்கிரிப்ட்ட விண்டோஸ் லேப்டாப்ல ஏதோ ஒரு எடிட்டர்ல தொறந்து ஒரு பாஸ்வேர்ட மாத்திட்டு வாட்ஸ்ஆப்ல அனுப்பிருப்பாரு, ஒவ்வொரு லைன் கடைசிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து சேந்துரும். லினக்ஸ் அதையும் சேத்து படிச்சிட்டு, அந்தப் பேர்ல ஒரு பாஷ் இல்லையேன்னு "அப்படி ஒரு ஃபைலே இல்ல"ன்னு சொல்லும், ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும். கேட் மைனஸ் பெரிய ஏ போட்டுப் பாத்தா லைன் கடைசில டாலர் குறிக்கு முன்னாடி ஒரு கூரையும் எம்மும் தெரியும். டாஸ்டுயூனிக்ஸ் போட்டா போயிரும்.

217 வந்தா யூனிட் ஃபைல்ல யூசர் லைன்ல இருக்குற ஆள் அந்த சர்வர்ல இல்ல. 200 வந்தா வொர்க்கிங் டைரக்டரி இல்ல. இது ரெண்டும் பெரும்பாலும் பழைய சர்வர்லேர்ந்து யூனிட் ஃபைல காப்பி அடிச்சப்ப வர்றது.

கைல ஓட்டுனா ஓடுது, பூட் ஆகுறப்ப ஓடல

எனக்கு அதிகமா வர்ற போன் இதுதான், இதுக்குள்ள ரெண்டு வேற வேற நோய் இருக்கு.

ஒண்ணு என்விரான்மென்ட். நீங்க லாகின் பண்ணி ஓட்டுறப்ப உங்க பாஷ் ப்ரொஃபைல்ல இருக்குற பாத் (கமாண்ட எங்கெங்க தேடணும்ங்கற லிஸ்ட்), பிஜிடேட்டா (டேட்டா டைரக்டரி இருக்குற எடம்) எல்லாம் வந்துரும். சிஸ்டம்டி அதெல்லாம் படிக்காது, அதுக்குத் தெரிஞ்சது சின்னதா ஒரு பாத் மட்டும்தான். போஸ்ட்கிரஸோட சொந்த ரெப்போலேர்ந்து ரெட் ஹேட் வகையறால போட்டிருந்தா பைனரி எல்லாம் யூஎஸ்ஆர்க்குள்ள பிஜிஎஸ்க்யூஎல்-15 மாதிரி வெர்ஷன் நம்பரோட ஒரு ஃபோல்டர்ல இருக்கும், அது சாதாரண பாத்ல கிடையாது, அதனால ஸ்கிரிப்ட்ல வெறும் பிஜி_சிடிஎல்னு (போஸ்ட்கிரஸ ஸ்டார்ட், ஸ்டாப் பண்ற கமாண்ட்) எழுதிருந்தா 127 வந்து நிக்கும், கமாண்ட் கெடைக்கலன்னு அர்த்தம். ஸ்கிரிப்ட்ல எப்பவும் முழு பாத் எழுதுங்க. டெஸ்ட் பண்ண நல்ல வழி, சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரஸ்னு போட்டு பின்னாடி என்வ் மைனஸ் ஐ போட்டு ஸ்கிரிப்ட்ட ஓட்டுங்க, என்விரான்மென்ட் மொத்தமும் காலியா ஓடும், பூட்ல என்ன உடையுமோ அது இங்கயே உங்க கண்ணு முன்னாடி உடையும்.

என்விரான்மென்ட் ஃபைல்னு தனியா வெச்சிருக்கவங்க, அது ஷெல் ஸ்கிரிப்ட் கிடையாதுங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க. அதுல எக்ஸ்போர்ட்னு எழுதக் கூடாது, டாலர் பாத்னு எழுதுனா விரியாது, அப்படியே எழுத்தாதான் போகும்.

ரெண்டாவது நோய் வரிசை. பூட் ஆன ஒடனே ஃபெயில் ஆகுது, ரெண்டு நிமிஷம் கழிச்சு கைல ஸ்டார்ட் குடுத்தா சமத்தா ஓடுதுன்னா, அது எதுக்கோ முந்திக்கிச்சுன்னு அர்த்தம். லிசன் அட்ரஸ்ல 192.168ன்னு ஆரம்பிக்கிற ஒரு ஐபிய மட்டும் குடுத்திருந்து, அந்த நேரத்துல நெட்வொர்க் கார்டுக்கு ஐபியே வரலன்னா போஸ்ட்கிரஸ் எங்க போய் உக்காரும்? ஆஃப்டர் லைன்ல நெட்வொர்க் டார்கெட் போட்டா பத்தாது, அது நெட்வொர்க் வேலை தொடங்குனத மட்டும்தான் சொல்லும், ஐபி வந்துருச்சான்னு சொல்லாது. நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்ட ஆஃப்டர்லயும் வான்ட்ஸ்லயும் ரெண்டுலயும் போடணும்.

ஆரக்கிள் வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: டிபிஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எர்ரரே இல்லாம முடிஞ்சு டேட்டாபேஸ் மட்டும் வரலன்னா, ஓராடேப் ஃபைல்ல அந்த லைனோட கடைசி எழுத்து N-ஆ இருக்கா Y-ஆ இருக்கான்னு பாருங்க. N-ஆ இருந்தா அத ஸ்டார்ட் பண்ண வேணாம்னு நீங்களே சொல்லி வெச்சிருக்கீங்க.

ஸ்டார்ட் ஆகி ஒரு செகண்ட்ல செத்துப் போகுது, எர்ரரும் இல்ல

போஸ்ட்கிரஸ் லாக்ல "கனெக்‌ஷன் வாங்கத் தயார்"னு வந்த கையோட ஷட்டவுன் ரிக்வெஸ்ட் வந்துச்சுன்னு இருக்கும். யாரு ஷட்டவுன் குடுத்தா? சிஸ்டம்டிதான். யூனிட்ல டைப் சிம்பிள்னு இருக்கு, ஆனா ஓடுறது பிஜி_சிடிஎல் ஸ்டார்ட் குடுக்குற ஒரு ஸ்கிரிப்ட், அந்த ஸ்கிரிப்ட் போஸ்ட்கிரஸ பின்னாடி விட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு வெளிய வந்துருது. சிம்பிள்னா ஸ்கிரிப்ட்தான் சர்வீஸ், அது முடிஞ்சா சர்வீஸ் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிட்டு சிஸ்டம்டி அந்த குரூப்ல மிச்சம் இருக்குறவங்கள எல்லாம் கொன்னுரும். அது மேல தப்பில்ல, நாம சொன்னதத்தான் செய்யுது.

இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்னா டைப் ஃபோர்க்கிங் போட்டு பிஐடி ஃபைல் லைன்ல போஸ்ட்மாஸ்டர்.பிஐடி பாத்தக் குடுங்க. என்னக் கேட்டா ஸ்கிரிப்ட்டையே தூக்கிருங்க, போஸ்ட்கிரஸ் பைனரிய நேரா எக்ஸெக்ஸ்டார்ட்ல குடுத்து டைப் நோட்டிஃபை போடுங்க, ரெட் ஹேட் குடும்பத்துப் பேக்கேஜ் எல்லாம் அப்படித்தான் வருது, ரெடியானதும் போஸ்ட்கிரஸே சிஸ்டம்டிகிட்ட சொல்லிரும். பழைய இனிட் ஸ்கிரிப்ட்கள அப்படியே தூக்கி சிஸ்டம்டிக்குள்ள சொருகுற பழக்கம் ரெட் ஹேட் 7 வந்த 2014லேர்ந்து பாக்குறேன், அதுல வர்ற தொல்லைதான் இதுல பாதி.

ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துல கரெக்ட்டா ஃபெயில் ஆகுது

ஏப்ரல் மே மாசம் பெங்களூர்ல சாயங்காலம் மழை அடிச்சு கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் தாங்கலன்னா மறுநாள் காலைல வர்ற அறிகுறி இது. கடிகாரத்தப் பாருங்க, 60 செகண்டா 90 செகண்டா? 60ன்னா பிஜி_சிடிஎல் காத்திருந்து அலுத்துப் போச்சு, 90ன்னா சிஸ்டம்டியோட பொறுமை முடிஞ்சுது. ரெண்டும் அதுங்களோட டீஃபால்ட் டைம்.

உள்ள நடக்குறது என்னன்னா, சரியா ஷட்டவுன் ஆகாத டேட்டாபேஸ் எந்திரிச்சதும் கடைசி செக்பாயின்ட்லேர்ந்து (அதுவரைக்கும் எல்லாம் டிஸ்க்ல ஒழுங்கா எழுதியாச்சுங்கற குறி) வால் ஃபைல (ஒவ்வொரு மாத்தத்தையும் மொதல்லயே எழுதி வெக்கிற பதிவு) எல்லாம் படிச்சு திரும்பச் செய்யும், அதான் கிராஷ் ரெக்கவரி. டீஃபால்ட்ல செக்பாயின்ட் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, வால் சைஸ் 1 ஜிபின்னு இருக்கும், அப்படின்னா சீக்கிரம் முடிஞ்சுரும். யாராச்சும் ஸ்பீடுக்காக மேக்ஸ் வால் சைஸ் 40, 50 ஜிபின்னு ஏத்தி வெச்சிருந்து டிஸ்க்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா பத்து நிமிஷம், அரை மணி நேரம் கூட ஆகலாம், அது நோயில்ல, அது அதோட வேலை. ஆனா 90 செகண்ட்ல சிஸ்டம்டி கழுத்தப் பிடிச்சு நிறுத்தும், ரீஸ்டார்ட் செட்டிங் இருந்தா மறுபடி ஸ்டார்ட் பண்ணும், மறுபடி மொதல்லேர்ந்து ரெக்கவரி, மறுபடி 90 செகண்ட். இப்படியே காலை முழுக்க சுத்திட்டிருந்த ஒரு சர்வர நான் பாத்திருக்கேன், அங்க இருந்தவங்க டேட்டா கரப்ட் ஆயிருச்சுன்னு முடிவு பண்ணி ரெண்டு நாள் பழைய பேக்கப்ப போடத் தயாரா இருந்தாங்க, யூனிட்ல டைம்அவுட்செக் இன்ஃபினிட்டின்னு ஒரு லைன் போட்டு விட்டதும் பதினோரு நிமிஷத்துல தானா எந்திரிச்சிருச்சு, ஒரு ரோ கூட போகல.

ஸ்கிரிப்ட் வழியா பிஜி_சிடிஎல் ஓடுதுன்னா அதுக்குத் தனியா மைனஸ் சின்ன டி (t) போட்டு டைம் ஏத்தணும், இல்லன்னா பிஜிசிடிஎல்டைம்அவுட் வேரியபிள்ல குடுக்கணும், சிஸ்டம்டில மட்டும் ஏத்துனா போதாது. வெர்ஷன் 15லேர்ந்து ரெக்கவரி ஓடிட்டிருக்குன்னு 10 செகண்டுக்கு ஒரு தடவ லாக்ல எழுதும், அது நகருதான்னு பாத்துட்டு உக்காந்திருங்க. நகருதுன்னா தொடாதீங்க, கில் மைனஸ் 9 பக்கம் கையே போகக் கூடாது.

இதுலயே ஒரு கிளை. கரண்ட் போகவே இல்ல, ஒழுங்கா ரீபூட்தான் குடுத்தோம், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ரெக்கவரி ஓடுதுன்னா ஸ்டாப் பக்கம் பாருங்க. போஸ்ட்கிரஸுக்கு நிறுத்தச் சொல்லி வர்ற சிக்னல் சிக்டெர்ம்னா ஸ்மார்ட் ஷட்டவுன், கனெக்ட் ஆகி இருக்கவங்க அவங்களா போற வரைக்கும் காத்திருக்கும், சிக்இன்ட்னா ஃபாஸ்ட், எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு செக்பாயின்ட் போட்டு மூடும். கில்மோட் மிக்ஸ்டுன்னு வெச்சு கில்சிக்னல் லைன மட்டும் விட்டுட்டா, ஆப் கனெக்‌ஷன விடாம பிடிச்சிட்டிருக்கும், 90 செகண்ட் கழிச்சு சிஸ்டம்டி வெட்டிரும். கில்சிக்னல் சிக்இன்ட்னு போடுங்க.

போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஏற்கெனவே இருக்குன்னு சொல்லுது

உடனே அந்த ஃபைல டெலிட் பண்ணுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பண்ணாதீங்க, மொதல்ல படிங்க. அது டெக்ஸ்ட் ஃபைல்தான், மொத லைன் ப்ராசஸ் நம்பர், ரெண்டாவது டேட்டா டைரக்டரி, நாலாவது போர்ட். போஸ்ட்கிரஸ் ஸ்டார்ட் ஆகுறப்ப அந்த நம்பர்ல ஒரு ப்ராசஸ் உயிரோட இருக்கான்னு தானே பாத்துக்கும், இல்லன்னா பழைய ஃபைல தானே தூக்கிப் போட்டுட்டு மேல போகும். அப்ப இந்த எர்ரர் வருதுன்னாலே, அந்த நம்பர்ல யாரோ இருக்காங்க.

பிஎஸ் மைனஸ் பி (p) போட்டு அந்த நம்பர் யாருன்னு பாருங்க. அது போஸ்ட்கிரஸேதான்னா டேட்டாபேஸ் ஓடிட்டுதான் இருக்கு, யாரோ கைல ஸ்டார்ட் பண்ணிருக்காங்க, சிஸ்டம்டிக்கு அது தெரியல, பிஜி_சிடிஎல் ஸ்டாப் குடுத்துட்டு சிஸ்டம்டி வழியா ஸ்டார்ட் பண்ணுங்க. அது வேற ஏதோ, உதாரணத்துக்கு போஸ்ட்கிரஸ் யூசர்ல க்ரான்ல ஓடுற பேக்கப் ஸ்கிரிப்ட்னா, கரண்ட் போயி வந்தப்புறம் அதே நம்பர் தற்செயலா அதுக்குக் கெடைச்சிருக்கு. அந்த பேக்கப் முடியட்டும், இல்ல நிறுத்துங்க, அப்புறம் போஸ்ட்கிரஸ் தானா வரும். ஃபைல டெலிட் பண்ணித்தான் ஆகணும்ங்கற நிலைமை எனக்கு வந்ததே இல்ல.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஓடிட்டிருக்குற டேட்டாபேஸோட பூட்டு அது. அத ஒடச்சு ஒரே டேட்டா மேல ரெண்டு போஸ்ட்கிரஸ் ஏறிட்டா ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் அழிப்பாங்க, அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் முழுசா மீட்க முடியாது. ஷேர்டு மெமரி பிளாக் இன்னும் பயன்ல இருக்குன்னு எர்ரர் வந்தாலும் இதே கதைதான், மெயின் ப்ராசஸ கில் மைனஸ் 9 அடிச்சிட்டாங்க, பிள்ளைங்க இன்னும் ஓடுது. அதுங்க போனாத்தான் அடுத்தது.

டைரக்டரி இல்ல, இல்லன்னா காலியா இருக்கு, இனிட்டிபி ரன் பண்ணுங்கன்னு சொல்லுது

இதுதான் அந்தப் பீன்யா கதை.

அந்த சர்வர்ல ரூட் டிஸ்க் தனி, டேட்டா டிஸ்க் தனி. டேட்டா டிஸ்க்க டேட்டாங்கற ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணி அதுக்குள்ள பிஜிஎஸ்க்யூஎல்னு ஒரு டைரக்டரில டேட்டாபேஸ் இருக்கு. பூஜைக்கு பொட்டியத் தொறந்து ப்ளோயர் வெச்சு தூசி ஊதிருக்காங்க, கேபிள கழட்டி மாட்டுனப்ப டிஸ்க் வேற போர்ட்டுக்கு மாறிருச்சு, எஸ்டிபியா இருந்தது எஸ்டிசி ஆயிருச்சு. எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும்னு இருக்குற ஃபைல்) எஸ்டிபி1ன்னு பேரப் போட்டு எழுதி வெச்சிருந்தது, கூட நோஃபெயில்னு ஒரு ஆப்ஷன் வேற, டிஸ்க் இல்லன்னாலும் பூட் நிக்காம போகட்டும்னு போட்டது. அதனால சர்வர் பூட் ஆயிருச்சு, மவுண்ட் மட்டும் ஆகல, போஸ்ட்கிரஸ் யூனிட்ல ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஓடுற செக் ஸ்கிரிப்ட் போயிப் பாத்தா டைரக்டரி இல்ல, இதுக்கு என்ன பண்ணணும்னு அதுக்குத் தெரிஞ்சத நல்ல மனசோட சொல்லுச்சு: இனிட்டிபி ரன் பண்ணுங்க.

அத அன்னிக்கு தம்பி ரன் பண்ணிருந்தா என்ன ஆயிருக்கும்? ரூட் டிஸ்க்ல புதுசா காலி டேட்டாபேஸ் ஒண்ணு உருவாகிருக்கும், சர்வீஸ் பச்சையா ஆக்டிவ்னு காட்டும், சாஃப்ட்வேர்ல ஒரு பில் கூட இருக்காது. பயத்துல யாராச்சும் போன வார பேக்கப்ப எடுத்து அதுல போட்டுருவாங்க, அன்னிக்கு முழுக்க புது என்ட்ரி அதுல ஏறும், ஒரு வாரம் கழிச்சு யாரோ மவுண்ட்ட சரி பண்ணுனதும் அந்த ஒரு வார டேட்டா மவுண்ட்டுக்கு அடில மறஞ்சு போயிரும், பழசு மேல வரும். எது உண்மையான கணக்கு? ரெண்டுமே பாதி. இத ஒட்ட வைக்கிற வேலைய நான் இன்னொரு எடத்துல செஞ்சிருக்கேன், மூணு ராத்திரி ஆச்சு.

அதனால, ஏற்கெனவே ஓடிட்டிருந்த சர்வர்ல இனிட்டிபி கேட்டா, அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கணும்: டேட்டா இருக்குற எடம் தெரியல. ஃபைண்ட்மவுண்ட், எல்எஸ்பிஎல்கே ரெண்டும் போட்டு டிஸ்க் தெரியுதா, மவுண்ட் ஆயிருக்கான்னு பாருங்க. மவுண்ட் ஆயிருந்தும் இதே எர்ரர்னா பிஜிடேட்டா வேரியபிள் தப்பான எடத்தக் காட்டுது, பேக்கேஜ் அப்டேட் ஆனப்ப யூஎஸ்ஆர் லிப்க்குள்ள இருக்குற யூனிட் ஃபைல நேரடியா எடிட் பண்ணி வெச்சிருந்தா அது அழிஞ்சு பழைய பாத்துக்குத் திரும்பிருக்கும். சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு ஓவர்ரைடா எழுதிருந்தா அழியாது.

அன்னிக்கு நான் போயி பிஎல்கேஐடி போட்டு டிஸ்க்கோட யூயூஐடிய எடுத்து எஃப்எஸ்டேப்ல பேருக்குப் பதிலா அத எழுதுனேன், மவுண்ட் மைனஸ் ஏ, டேட்டா வந்துருச்சு. அதோட நிறுத்தல. போஸ்ட்கிரஸ் யூனிட்டுக்கு ஓவர்ரைட் போட்டு ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்னு ஒரு லைன், அந்தப் பாத்தோட. இனிமே மவுண்ட் ஆகாம சர்வீஸ் கெளம்பவே கெளம்பாது. இன்னொரு வேலை, ராத்திரி எல்லாரும் போனப்புறம் டிஸ்க்க அன்மவுண்ட் பண்ணிட்டு, அடில இருக்குற காலி ஃபோல்டர் மேல சேஞ்ச் ஆட்ரிபியூட் (chattr) ப்ளஸ் ஐ போட்டு விட்டேன், மவுண்ட் இல்லாத நேரத்துல ரூட்டா இருந்தாலும் அந்த ஐய எடுக்காம அதுக்குள்ள ஒண்ணும் எழுத முடியாது, மவுண்ட் ஆனா அது மேல வழக்கம் போல எழுதலாம். இந்த ஒரு லைனுக்காகவாச்சும் இதப் படிக்கிறவங்க இன்னிக்கே அவங்க சர்வர்ல போயி உக்காரணும்னு ஆசப்படுறேன்.

டேட்டா டைரக்டரிய மவுண்ட் பாயின்ட்லயே நேரா வெக்காதீங்க, உள்ள ஒரு ஃபோல்டர் போட்டு வைங்கன்னு போஸ்ட்கிரஸ் டாக்குமென்ட்டே சொல்லுது, டிஸ்க் இல்லன்னா சுத்தமா ஃபெயில் ஆகட்டும்னுதான்.

பெர்மிஷன் எர்ரர்

"டேட்டா டைரக்டரியோட பெர்மிஷன் சரியில்ல"ன்னு (11க்கு முந்தின வெர்ஷன்ல "குரூப்புக்கும் மத்தவங்களுக்கும் அக்சஸ் இருக்கு"ன்னு) சொல்லி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னா யாரோ டேட்டா டைரக்டரிக்கு 777 போட்டுட்டாங்க. அது 0700 இருக்கணும், வெர்ஷன் 11லேர்ந்து 0750யும் ஒத்துக்கும். ஓனர் போஸ்ட்கிரஸ் யூசரா இருக்கணும். ரூட்டா ஓட்டக் கூடாதுன்னு எர்ரர் வந்தா அத சுத்தி வளைச்சு ஓட்ட வழி தேடாதீங்க, ஸ்கிரிப்ட்ல யூசர மாத்துங்க.

சிமாட் சிஓன் எல்லாம் சரி, எல்எஸ் போட்டா எல்லாம் அழகா இருக்கு, ஆனாலும் பெர்மிஷன் டினைட்னா அது எஸ்இ லினக்ஸ், சாதாரண பெர்மிஷனுக்கு மேல இருக்குற இன்னொரு காவல். டேட்டாவ புது எடத்துக்கு மாத்துன ஒடனே வரும். ஏயூசர்ச் மைனஸ் எம் ஏவிசி போட்டா யாரத் தடுத்துச்சுன்னு எழுதிருக்கும். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்ல அந்தப் பாத்துக்கு போஸ்ட்கிரஸ்க்யூஎல்_டிபி_டி டைப்ப சொல்லிட்டு ரெஸ்டோர்கான் மைனஸ் ஆர் ஓட்டுங்க. செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு ஆஃப் பண்றது காரணம் இதுதானான்னு ஒரு நிமிஷம் பாக்குறதுக்கு சரி, அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போறது சரியில்ல.

சாக்கெட் லாக் ஃபைல உருவாக்க முடியல, அப்படி ஒரு டைரக்டரி இல்ல

நேத்து இருந்துச்சு, ரீபூட்டுக்கு அப்புறம் இல்ல. வார் ரன் இப்ப ரன் ஃபோல்டருக்குப் போற லிங்க், அது மெமரில இருக்கு, ஆஃப் பண்ணா காலி. கைல எம்கேடிர் போட்டா இன்னிக்கு ஓடும், அடுத்த ரீபூட்ல மறுபடி போன் வரும். யூனிட்ல ரன்டைம்டைரக்டரி ஈக்வல் போஸ்ட்கிரஸ்க்யூஎல்னு போடுங்க, இல்ல டெம்ப்ஃபைல்ஸ்.டில ஒரு லைன்.

ஆக்டிவ் எக்ஸிட்டட்னு பச்சையா இருக்கு, ஆனா கனெக்ட் ஆகல

உபுண்டு, டெபியன்ல மட்டும். அங்க போஸ்ட்கிரஸ்க்யூஎல் சர்வீஸ்ங்கறது ஒரு பொம்மை, பின் ட்ரூவ ஓட்டிட்டு முடிஞ்சுதுன்னு சொல்லும். உண்மையான சர்வீஸ் போஸ்ட்கிரஸ்க்யூஎல் அட் 14-மெயின் மாதிரி இருக்கும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் போட்டா எது ஓடுது, எது டவுன், எந்த போர்ட்னு ஒரே பார்வைல தெரியும். டவுன்னு இருந்தா அந்த கிளஸ்டரோட ஸ்டார்ட்.கான்ஃப்ல ஆட்டோன்னு இருக்கா மேனுவல்னு இருக்கான்னும் பாருங்க.

டிஸ்க் ஃபுல்

டிஎஃப் மைனஸ் ஹெச், அப்புறம் டிஎஃப் மைனஸ் ஐ, எடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணும்) தீந்து போயிருக்கலாம். ஃபுல்னா பழைய டெக்ஸ்ட் லாக், பழைய டம்ப், யம் கேஷ் எதையாச்சும் எடுங்க, டிஸ்க்க பெருசாக்குங்க, ஆனா பிஜி_வால் ஃபோல்டர்ல இருந்து ஒரு ஃபைலும் எடுக்காதீங்க. அதுக்கு முன்னாடி பிஜி_எக்ஸ்லாக்னு பேரு, லாக்னு இருக்கே, தேவையில்லாத லாகாத்தான் இருக்கும்னு ஜனங்க டெலிட் பண்ணிப் பண்ணி டேட்டாபேஸையே எழந்தாங்க, அதனாலதான் 2017ல வந்த வெர்ஷன் 10ல பேரையே மாத்துனாங்க. அது ஏன் வீங்குதுன்னா பெரும்பாலும் யாரோ செட் பண்ணிட்டு மறந்த ரெப்ளிகேஷன் ஸ்லாட், இல்ல ஃபெயில் ஆகிட்டே இருக்குற ஆர்கைவ் கமாண்ட். எடம் பண்ணி ஸ்டார்ட் பண்ணுனப்புறம் அந்தக் காரணத்த எடுத்தா போஸ்ட்கிரஸே சுத்தம் பண்ணிக்கும்.

சின்னச் சின்னதா மிச்சம்

ரொம்ப வேகமா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கேட்டுட்டாங்கன்னு வந்தா, 10 செகண்டுக்குள்ள 5 தடவைக்கு மேல ஆயிருச்சு, சிஸ்டம்டி மூஞ்சத் திருப்பிக்கிச்சு. காரணத்த சரி பண்ணிட்டு ரீசெட்-ஃபெயில்டு போட்டு ஸ்டார்ட் குடுங்க.

5432 ஏற்கெனவே யாரோ எடுத்திட்டாங்கன்னா எஸ்எஸ் மைனஸ் எல்டிஎன்பி சொல்லும், பெரும்பாலும் அது அப்கிரேட் பண்ணப்ப விட்டுப்போன பழைய வெர்ஷன்.

வெர்ஷன் 13ல உருவான டேட்டா 15க்கு ஒத்து வராதுன்னு வந்தா யாரோ அப்டேட் குடுத்துட்டாங்க, டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகல, பழைய 13 பைனரிய வெச்சு ஸ்டார்ட் பண்ணி வேலையப் பாத்துட்டு, பிஜி_அப்கிரேட நிதானமா ஒரு ஞாயித்துக்கெழமை பண்ணுங்க.

கான்ஃபிக் ஃபைல்ல எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஏதோ ஒரு பாராமீட்டர் தப்புன்னு சொல்லுதுன்னா டேட்டா டைரக்டரிக்குள்ள போஸ்ட்கிரஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப்னு ஒண்ணு இருக்கும், ஆல்டர் சிஸ்டம் குடுத்தா அங்கதான் எழுதும், அதுல இருக்குறதுதான் ஜெயிக்கும். ஷேர்டு பஃபர்ஸ ராம் அளவுக்கு மேல ஏத்திட்டு மெமரி இல்லன்னு நிக்கிறவங்களும் அங்க போயிப் பாருங்க.

சரி ஆயிருச்சுன்னு எப்ப சொல்றது

சர்வீஸ் ஓடுதுன்னா சரி ஆகல, ரீபூட் பண்ணி யாரும் தொடாம தானா வந்தாத்தான் சரி. சிஸ்டம்சிடிஎல் ஈஸ்-எனேபிள்டு போட்டுப் பாருங்க, ஸ்டார்ட் வேற எனேபிள் வேற. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல ஓனர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு தடவ ரீபூட் பண்ணுங்க. ஆப்போட ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்ல ஸ்லீப் 30ன்னு இருந்தா அத எடுத்துட்டு பிஜி_ஈஸ்ரெடி போட்டு ஒரு லூப் வைங்க. அது 0 குடுத்தா கனெக்ட் ஆகலாம், 1னா சர்வர் இருக்கு ஆனா இன்னும் ரெக்கவரி ஓடுது, 2னா பதிலே இல்ல. பீன்யால அந்த லூப்பையும் போட்டு ரெண்டாவது ரீபூட் குடுத்தப்ப தம்பி ஸ்க்ரீன் பக்கத்துலயே நின்னான், ரெண்டு தடவ 2 வந்துச்சு, ஒரு தடவ 1, அப்புறம் 0.